தேறிய மரங்கள்

ஜீப் வேண்டாம், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று தமயந்தி சொன்னதற்கு ஒரே காரணம் பஸ் மெதுவாகப் போகும் என்பதுதான். ஆராய்ச்சி நிலையத்து ஓட்டுநரிடம் வேறு ஏதோ சொல்லி வைத்தாள், மலைப்பாதையில் ஜீப்பில் போனால் தலை சுற்றுகிறது என்றோ என்னவோ. அவரும் நம்பிய மாதிரி தலையாட்டினார். இப்போது வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில், ஊத்துப்பாறை போகும் வண்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியில் பையை அணைத்துப் பிடித்தபடி, வண்டி இன்னும் கிளம்பாமல் நிற்பது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். நிதானமாகக் குடிக்கட்டும். வேண்டுமானால் இன்னொரு டீயும் குடிக்கட்டும். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் ஜன்னலுக்குக் கீழே தட்டைத் தூக்கிக் காட்டினாள். தமயந்தி வேண்டாம் என்று தலையசைத்தாள். உள்ளுக்குள் மட்டும் அதே பேச்சு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. வீரணண்ணே, மரங்களை வெட்டியாகணும். இல்லை, எடுத்த எடுப்பில் அப்படி வேண்டாம். வீரணண்ணே, சோதனை முடிவு வந்திருக்கு. அது இன்னும் மோசம். முடிவு என்றதும் அவர் சிரிப்பார், அதான் மரமே சொல்லுதே மேடம் என்று தோட்டத்தைப் பார்த்துக் கையை வீசுவார், அந்தக் கை வீச்சுக்கு அப்புறம் அவள் வாயில் என்ன வரும்? உட்காருங்கண்ணே, ஒரு விஷயம் பேசணும். ஐயோ, சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள்தான் முதலில் உட்காரச் சொல்வார்கள். அவர் மனைவி பெருமாயி அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாமா, அவர் காட்டுக்குள் நிற்கிற நேரமாகப் பார்த்து? சீ, என்ன நினைப்பு இது. படித்த படிப்பென்ன, வாங்கிய பட்டமென்ன, கடைசியில் வீட்டு ஆம்பளை இல்லாத நேரம் பார்த்துக் கடன்காரன் மாதிரி நுழையப் பார்க்கிறாள். கண்டக்டர் வாயைத் துடைத்துக்கொண்டே ஏறி விசில் கொடுத்தார்.

வண்டி சித்தரேவைத் தாண்டும் வரைக்கும் தரை தரையாகத்தான் இருக்கும். தென்னந்தோப்பு, அவரைப் பந்தல், கொய்யா, மறுபடி தென்னந்தோப்பு. தூரத்தில் மலை நீலமாக எழுந்து நிற்கும். கிட்டே போகப் போக நீலம் கரைந்து பச்சையாகும். முதன்முதலாக வீரணன் தோட்டத்துக்குப் போனபோது பச்சையே இல்லை. கமலா ஆரஞ்சு மரங்கள் காப்பிச் செடிகளுக்கு நடுவில் கொப்பு கொப்பாக மஞ்சளடித்து, உச்சிக்கிளைகள் காய்ந்து, விறைத்த விரல்கள் மாதிரி வானத்தைப் பார்த்து நின்றன. மலைக்காரர்கள் அதை மஞ்ச நோவு என்பார்கள். சத்துக் குறைவு என்று எண்ணி உரத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். சத்துக் குறைவென்றால் இலையின் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிறும், இது அப்படியில்லை, ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி, தேமல் விழுந்தாற்போல் திட்டுத் திட்டாக. அன்றைக்கு வீரணன் ஒரு காயைப் பறித்து அவள் கையில் கொடுத்தார். கோணலாக, எலுமிச்சை அளவுக்கு, அடிப்பக்கம் பழுக்கவே பழுக்காத பச்சையாக. உள்ளே விதையெல்லாம் கறுத்துச் சுருங்கிப்போய். நாக்கில் வைத்தாள், கசந்தது. "எங்கப்பா காலத்துல இதே மரம் லாரிக்கு லாரி குடுத்துச்சு மேடம். என் கைக்கு வந்ததும் கசக்குது. என் கைதான் சரியில்லையோ என்னமோ" என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கை சரியில்லாமல் இல்லைண்ணே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிண்ணே, பட்டைக்குக் கீழே மரத்துக்குச் சாப்பாடு போகிற குழாயில் போய் உட்கார்ந்துகொண்டு அடைக்கிறது, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி ஒன்று அதை மரத்துக்கு மரம் சுமந்துகொண்டு போகிறது என்று அவள் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நோவைவிட அந்தப் பழிதான் அவரை அதிகமாகத் தின்றிருக்கிறது. அந்த நிம்மதிக்காகவே அவருடைய தோட்டத்தை அவள் எடுத்துக்கொண்டாள். தண்டில் துளை போட்டு, பிளாஸ்டிக் ஊசிக்குழாயைச் செருகி, மனிதருக்குக் கொடுக்கிற அதே வகை நுண்ணுயிர்க்கொல்லியை மெல்ல மெல்ல உள்ளே இறக்குவது. பெருமாயி முதல் நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "மரத்துக்கு ஆசுபத்திரி வெச்ச மகராசி நீதான் தாயி" என்றாள்.

மரங்கள் தேறின. அதுதான் இதில் தாங்க முடியாதது. தேறாமல் இருந்திருந்தால் எத்தனை சுலபம். ஒரு மழைக்காலத்துக்குள் அடர்ந்த பச்சையில் துளிர் விட்டது, அடுத்த பருவத்தில் பூத்தது, பூவின் வாசம் காப்பிப் பூ வாசத்தோடு கலந்து அந்தச் சரிவு முழுக்க நின்றபோது வீரணன் போன் செய்து, பேசாமல் போனை மரத்துப் பக்கம் நீட்டியிருக்கிறார், வாசம் போன் வழியாகப் போய்விடும் என்று நினைத்தவர் போல. வெறும் தேனீ சத்தம்தான் கேட்டது. இந்தப் பருவத்தில் காய்த்துவிட்டது. உருண்டை உருண்டையாக, நல்ல நிறத்தில், இனிப்பாக. பழத்தில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. இலையில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தாள், நடுநரம்புகளைப் பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, அரைத்து, இயந்திரத்தில் வைத்து, திரையில் கோடு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருமி நிறைய இருந்தால் கோடு சீக்கிரம் எழும்பும். குறைவாக இருந்தால் வெகுநேரம் தரையோடு தரையாகக் கிடக்கும். கிடந்தது. எழும்பாதே, எழும்பாதே என்று வாய்விட்டுச் சொன்னாள், பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் எழும்பியது, மிக லேசாக. சரி, லேசாகத்தானே என்று நினைத்தவள் வேரைத் தோண்டி எடுத்து வந்து பார்த்தாள். வேரில் பழைய மாதிரியே இருந்தது. மருந்து மேலே போயிற்று, கிருமி கீழே போயிற்று. அப்புறம் அந்த மரங்களின் துளிரில் பிடித்த பூச்சிகள். தலையைக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காருமே அந்தப் பூச்சிகள், அவற்றிலும் கிருமி. அப்புறம் சரிவுக்குக் கீழே எஸ்தர் டீச்சர் தோட்டம். ஓய்வு பெற்ற டீச்சர், ஒண்டியாள், நோயில்லாத கன்றுகளைத் தமயந்தி பேச்சைக் கேட்டுத்தான் வாங்கி நட்டார். வேலியோரமாக நின்ற இரண்டு கன்றுகளில் தேமல். இரண்டிலும் கோடு சரசரவென்று எழும்பியது. துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மரம் காய்க்குதா இல்லையாம்மா?" "காய்க்குது சார்." "விவசாயிக்குத் திருப்தியா?" "திருப்திதான் சார், ஆனா..." "ஆனாவை அடுத்த கட்டுரையில வெச்சுக்க." கெட்டவர் இல்லை அவர். ஓய்வு பெறப் போகிறார், ஒரு நல்ல செய்தியோடு போக ஆசைப்படுகிறார். அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா?

பஸ் முதல் வளைவில் திரும்பியது. என்ஜின் சத்தம் மாறி, காதுக்குள் லேசாக அடைத்தது. இலவ மரங்கள் இலையில்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றன. முன் இருக்கைப் பையன் தலையை வெளியே நீட்ட, அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்து உள்ளே இழுத்தாள். தமயந்திக்கு அப்பா ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது, காது அடைத்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. நிலக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா. இருமல், இளைப்பு, சளியில் ரத்தம். அரசாங்க ஆசுபத்திரியில் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அப்பா அருவருப்பாக வந்து அம்மாவிடம் சொல்வார். வீட்டில் அவருக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு. பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது, தங்கச்சி மனோகரி அப்போது நடக்கப் பழகி ஓடுகிற வயசு, கதவிடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்து ஈ என்று சிரிப்பாள். இரண்டு மாதத்தில் அப்பாவுக்குச் சதை போட்டது. கன்னம் உப்பியது. கடைக்குப் போய் டயருக்குக் காற்றடித்தார். எல்லாரும், ஆள் தேறிட்டாரே, பழைய ஆளா வந்துட்டாரே என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் அவர் ஆசைப்பட்டிருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டார். அம்மா சந்தோஷத்தில் அந்தத் தனித் தம்ளரை மற்றதோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். அப்பா மனோகரியைத் தோளில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். அடுத்த வருஷம் மனோகரி இருமினாள். அப்பா வேறு, மரம் வேறு. இதை அவள் நூறு தடவை தனக்குச் சொல்லியிருக்கிறாள். கருத்தரங்கில் யாராவது நோயையும் மனிதரையும் சேர்த்துப் பேசினால் அவளுக்கு எரிச்சல் வரும், மரம் மரம்தான், கிருமி கிருமிதான், அழுவதற்கு இதில் ஒன்றுமில்லை என்று நினைப்பாள். ஆனால் வேரில் எழும்பிய அந்தக் கோட்டைப் பார்த்தபோது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது வேர் இல்லை. கொழுகொழுவென்று கன்னம் உப்பிய அப்பாவின் முகம்.

பை அதிர்ந்தது. மனோகரிதான். திருப்பூரிலிருந்து, வழக்கம்போல் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில். அவளுக்கு ஒரு பக்க நுரையீரல் பாதிதான் வேலை செய்யும், பேச்சுக்கு நடுவில் படியேறுகிறவளைப் போல ஒரு மூச்சு வாங்கும், ஆனால் பேச்சு மட்டும் குறையாது. "எங்கக்கா இருக்க?" "மலையில ஏறிக்கிட்டிருக்கேன்." "அந்த ஆரஞ்சு மரத்துக்காரர் வீட்டுக்கா? சொல்லிட்டியா?" "இன்னும் போய்ச் சேரவேயில்ல." "போன தடவையும் போய்ட்டு, டீயைக் குடிச்சிட்டு, சொல்லாம வந்த." "ஆமா." "இந்தத் தடவையும் டீ குடிச்சிட்டு வந்துராதே." தமயந்தி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தாள், கம்பி குளிர்ந்திருந்தது. எதற்கென்று தெரியாமல் கேட்டுவிட்டாள். "மனோ, அப்பா மாத்திரையை நிறுத்தினப்ப யாராச்சும் நேரா அவர்கிட்டக் கேட்டிருந்தா, நீ இப்ப நல்லா மூச்சு விடுவல்ல?" தையல் மிஷின் நின்றது. "இப்ப எதுக்குக்கா அது?" என்றாள் மனோகரி. கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்கு அந்தத் தோள்தான் ஞாபகம் இருக்கு. அவர் தலைமுடியைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன், தேங்காண்ணெய் வாசம் வரும். நீயும் அம்மாவும் அதை நினைச்சு நினைச்சு அழுவீங்க. எனக்கு அது ஒண்ணுதான் அவரைப் பத்தின நல்ல ஞாபகம். அதையும் புடுங்கிராதக்கா." தமயந்தி போனை மறு காதுக்கு மாற்றினாள். "ஆனா நீ போய் சொல்லிரு. அது வேற, இது வேற" என்றாள் மனோகரி. அப்புறம் வளைவில் சிக்னல் அறுந்துபோனது. தங்கச்சியிடமிருந்தும் வேறு என்றுதான் பதில் வருகிறது. ஆனால் இவள் சொல்கிற வேறு இல்லை அது. ஒரே விஷயத்தை எடுத்து, நீ ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள், நான் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறேன் என்று இத்தனை வருஷம் இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். அவள் கையில் பிடித்திருந்தது எப்போதும் தம்ளர். மனோகரி பிடித்திருந்தது தோள். அப்படியானால் வீரணனுக்கு இந்தக் காய்ப்பு என்ன? அதைப் பொய்க் காய்ப்பு என்று சொல்லிவிட முடியுமா? இனித்ததே. இனித்தது பொய் இல்லையே. காய்த்தது காய்த்ததுதான். நோய் இருந்தது இருந்ததுதான். இரண்டும் ஒரே மரத்தில்தான் இருந்தன. இதை எப்படி ஒரே மூச்சில் ஒருவரிடம் சொல்வது? பஸ் வளைந்தது, வளைந்தது, குளிர்ந்த காற்றில் மிளகுக்கொடி வாசமும் டீசல் நாற்றமும் சேர்ந்து வந்தன. ஒரு வளைவில் குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்த்தன. ஊத்துப்பாறை, ஊத்துப்பாறை எறங்கு என்று கண்டக்டர் கூவினார். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு ஊர் போனால்தான் என்ன. "யம்மா, நீங்க ஊத்துப்பாறைதானே கேட்டீங்க?" என்று கண்டக்டர் கிட்டே வந்து கேட்ட பிறகுதான் கால் தரையில் ஊன்றியது.

ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற மண்பாதையில் காப்பிச் செடிகளின் இலை சட்டையில் உரசியது. மேலே ஆரஞ்சு மரங்கள் தெரிந்தன. பார்க்காமல் தாண்டிப் போக முடியாதபடி பழங்கள் இலைக்குள்ளிருந்து வெளியே தொங்கின. ஒரு கிளைக்கு மூங்கில் கவைக்கோல் முட்டுக் கொடுத்திருந்தது, பாரம் தாங்காமல். அவளே ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து நின்று பார்த்தாள். எவ்வளவு அழகு. ஒரு துளிரைப் புரட்டினாள், பழக்கம். அடியில் வெள்ளை நூல் போல மெழுகு, பக்கத்தில் இரண்டு பூச்சிகள், பின்பக்கம் தூக்கியபடி. கையை எடுத்துக்கொண்டாள். "வா தாயி, வா வா, பஸ்ஸுல வந்தியா, ஏன் அந்த ஜீப்புக்காரர் வரலியா?" என்று பெருமாயி வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். வீரணன் உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "மேடம், நேத்துதான் முதல் பறிப்பு. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஒரு பழத்தை உரித்து, நார் நீக்கி, சுளை சுளையாகப் பிரித்து ஒரு தட்டில் வைத்து நீட்டினார். உரித்த தோலின் வாசம் காற்றில் தெறித்தது. "டீ போடட்டுமா தாயி?" என்றாள் பெருமாயி. "டீ வேணாங்க்கா" என்றாள் தமயந்தி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அத்தனை பேச்சும் எங்கேயோ விழுந்துபோயின. "அண்ணே, மரம் தேறலண்ணே" என்றாள்.

அவர் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் முகத்திலேயே தங்கி, தங்க இடமில்லாமல் மெல்ல இறங்கியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து. இலையில் குறைந்திருக்கிறது, வேரில் அப்படியே இருக்கிறது, மருந்து நின்றால் திரும்ப வரும், மருந்தையே ஆயுசுக்கும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது, மண்ணுக்கும் ஆகாது, அரசாங்கமும் விடாது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பார்க்க நல்ல மரமாக இருப்பதால் பூச்சி சந்தோஷமாக வந்து உட்கார்கிறது, உட்கார்ந்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகிறது. காய்ந்த மரத்தில் துளிர் இருக்காது, பூச்சி வராது. "அப்ப?" என்றார் வீரணன். "வெட்டணும்ணே. வேரோட." "காய்க்கிற மரத்தையா?" "ஆமாண்ணே." "மேடம், பட்டுப்போய் நின்னுச்சே, அன்னைக்கு வெட்டுடான்னா வெட்டியிருப்பேன். ஒரு சொல்லு பேசியிருக்க மாட்டேன். நீங்கதானே வேணாம், பாப்போம்னீங்க?" "நான்தாண்ணே." "பொழைக்க வெச்சிட்டு இப்ப வந்து கொல்லச் சொல்றீங்க." பெருமாயி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். "கூறுகெட்ட மனுசா, அந்தப் புள்ளைகிட்ட ஏன் கத்துற" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள், ஆனால் அவள் கண்ணும் தமயந்தியைப் பார்க்கவில்லை. நீங்கள் எனக்குப் பொய் ஒன்றும் சொல்லவில்லையே, நான் நம்பினது என் தப்புதானே என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று தமயந்தி பயந்தாள். அதைச் சொன்னால் தாங்கமாட்டாள், கத்தட்டும், இன்னும் கத்தட்டும். அவர் கத்தவில்லை. "பக்கத்துத் தோட்டம்னீங்களே. எது?" என்று கேட்டார். "எஸ்தர் டீச்சர் தோட்டம். வேலியோரம் ரெண்டு கன்னு." "டீச்சருக்குத் தெரியுமா?" "இல்லண்ணே. முதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு." வீரணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மரங்களுக்குள்ளே போய்விட்டார்.

போனவர் வெகுநேரம் வரவில்லை. தமயந்தி பெருமாயிக்குப் பக்கத்தில் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனார், என்ன செய்கிறார், அரிவாள் எடுத்துப் போனாரா, அரிவாளோடு போனால் நல்லதா கெட்டதா. மனசு எதிலாவது பற்றிக்கொள்ளப் பார்த்து வழுக்கியது. இந்த வயசில் ஒரு மனிதனிடம் வந்து, உன் சந்தோஷத்துக்குள் கிருமி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்ல ஒரு படிப்பு. கீழே எங்கோ கோழி கொக்கரித்தது. பெருமாயி திடீரென்று, "பழத்தைப் பறிச்சுக்கிட்டு வெட்டலாமா, இல்ல இப்பவேவா?" என்று கேட்டாள். அழுது முடித்தவள் குரல் போல இருந்தது, ஆனால் அவள் அழவேயில்லை. "பறிச்சுக்கலாங்க்கா. பழத்துல ஒண்ணுமில்ல, அதனால யாருக்கும் எதுவும் வராது. பூச்சிக்குத் துளிர்தான் வேணும். இருக்கிற துளிரைக் கிள்ளி மருந்தடிச்சுட்டு, கோடைமழைக்கு முன்னாடி வெட்டிட்டாப் போதும். மழை விழுந்தா புதுசா துளிர்த்துரும்." "துளிர்க்குமே" என்றாள் பெருமாயி. "இந்த வருசம் நல்லாத் துளிர்க்கும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு." அப்புறம் தமயந்தியின் கை மேல் தன் கையை வைத்தாள், கையில் காப்பிக் காம்பு கீறின தழும்புகள். "நீ சாப்பிட்டியா தாயி?" என்றாள். அந்தக் கேள்விக்குத் தமயந்தி இல்லை என்று தலையாட்டுவதற்குள் கண் நிறைந்துவிட்டது. எதற்கு அழுகிறோம், யாருக்காக அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை. பெருமாயி எழுந்து போய்ப் பழைய சோறும் சுண்டக்காய் வற்றலும் கொண்டுவந்து வைத்தாள். தமயந்தி சாப்பிட்டாள். பசித்திருக்கிறது. இத்தனை நேரம் பசித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

வீரணன் மரங்களுக்குள்ளிருந்து வந்தபோது தலையில் கூடை இருந்தது, கூடை நிறையப் பழம். முகத்தைக் கழுவியிருந்தார், மீசையில் தண்ணீர். வீட்டுப் பக்கம் வராமல் பாதையில் நின்றுகொண்டு, "வாங்க மேடம்" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. சரிவில் இறங்கினார்கள். முன்னால் அவர், பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பெருமாயி. எஸ்தர் டீச்சரிடம் நானே சொல்கிறேன் அண்ணே, நான்தான் கன்று வாங்கச் சொன்னேன், சொல்ல வேண்டியது நான்தான் என்று தமயந்தி வாய் திறக்கப் பார்த்தாள், அவருடைய முதுகைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தாள். ஓட்டு வீட்டின் முன்னால் டீச்சர் நாற்காலி போட்டு மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மூக்குக்கண்ணாடி. "என்ன வீரணா, முதல் பறிப்பா? எனக்குக் கூடையோடவா?" என்று எழுந்தார். வீரணன் கூடையை இறக்கிக் கீழே வைத்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "டீச்சர், என் மரத்துல இன்னும் அந்த நோவு இருக்குதாம். அங்கேருந்து உங்க கன்னுக்கு வந்திருக்கு. ரெண்டு கன்னு போயிருச்சு. நான் என் மரத்தையெல்லாம் எடுத்துர்றேன். நீங்க அந்த ரெண்டையும் எடுத்துருங்க, மத்தது தப்பிச்சுக்கும்."

டீச்சர் கூடையைப் பார்த்தார். வீரணனைப் பார்த்தார். தமயந்தியைப் பார்த்தார்; தமயந்தி ஆமாம் என்று தலையசைத்தாள். டீச்சர் திரும்பி வீட்டுக்குள் போனார். கதவு திறந்தே கிடந்தது. மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். உள்ளே ஏதோ நகர்கிற சத்தம், ஏதோ விழுகிற சத்தம். பெருமாயி புருஷனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தமயந்திக்கு எண்ணம் எதுவும் ஓடவில்லை. காய்கிற மிளகின் காரம் மூக்கில் ஏறியது, அவ்வளவுதான்.

டீச்சர் வெளியே வந்தபோது கையில் மண்வெட்டி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து வீரணனிடம் நீட்டினார்.

"நட்ட கையால என்னால புடுங்க முடியாது வீரணா. நீ புடுங்கு. நான் கூட நிக்கிறேன்."

வீரணன் வாங்கிக்கொண்டார். வேலியோரத்தில் எந்த இரண்டு கன்றுகள் என்று அவருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. தமயந்தி வேலியைப் பார்த்து முன்னால் நடந்தாள்.